ஒன்பது நாள் சேமித்த குரல்

எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிறவள் என் மனைவி. இரண்டாம் இடம் எனக்கு. ஆனால் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே கோவளத்துக்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தூரம் இருந்தது. நான் ஒரு ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அதைவிட நல்லதாக இரண்டு சொல்லி, இரண்டிலும் என்னையே கோமாளியாக்கி, பக்கத்து வீட்டிலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள்.

பேச்சுதான் அவளுக்குச் சம்பளமும். வீடு கோவளத்தில். திருப்போரூரில் மனை விற்கிற ஆபீஸ் ஒன்றில் இருவருக்கும் வேலை. நான் லேஅவுட் வரைகிறவன். இருபத்து மூன்று அடிச் சாலை, மூலை மனை, பூங்காவுக்கு விட்ட இடம் என்று கம்ப்யூட்டரில் கோடு போடுகிறவன். அவள் போனில் ஆள் பிடிக்கிறவள். நான் கஷ்டப்பட்டு வரைந்த இருபத்து மூன்று அடியை அவள், "ரோடா சார்? ரெண்டு லாரி பக்கத்துல பக்கத்துல போவும் சார், டிரைவருங்க கை குலுக்கிக்கலாம்" என்று விற்பாள். வேண்டாம் என்று போனை வைத்தவர்கள்கூட மறுநாள் கூப்பிட்டு, "நேத்து ஒரு அம்மா பேசினாங்களே, அவங்க இல்லியா?" என்று விசாரிப்பார்கள். மனை வாங்க அல்ல, சும்மா.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. நாள் முழுக்கப் போனில் கத்துகிறாள், கம்மாமல் என்ன செய்யும் என்றேன். மிளகுப் பால் குடித்தாள். பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டாள். சரியாகட்டும் என்று வேலையை விட்டு நின்றாள். நின்று இரண்டு மாதமாகியும் சரியாகவில்லை. செங்கல்பட்டில் ஒரு டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று எங்களை உட்காரவைத்துச் சொன்னார். குரல்வளையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். எடுத்தால் பிழைத்துக்கொள்வாள். ஆபரேஷனுக்குப் பதினெட்டு நாள் தள்ளித் தேதி.

"எடுத்துட்டா பேச்சு, சார்?" என்று அவள் கேட்டாள். மனை விலை கேட்கிற மாதிரி, நிதானமாக.

"மூச்சு கழுத்து வழியா வரும்மா. பேச்சு இப்ப இருக்கிற மாதிரி இருக்காது. அதுக்குப் பயிற்சி எல்லாம் இருக்கு. அதுவரைக்கும் ரொம்பக் கத்தாதீங்க."

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பக்கத்து அறையில் இருந்தார். அவர்தான் ஒரு வழி சொன்னார். இப்போதெல்லாம் ஒருவர் பேசியதைப் பதிவு செய்து வைத்தால் கம்ப்யூட்டர் அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும். பின்னால் எதை எழுதினாலும் அந்தக் குரலிலேயே படித்துக் காட்டும். "பெருசா ஒண்ணும் வேணாம் சார். போன்லயே பதிவு பண்ணுங்க. வீட்ல சாதாரணமா பேசுறது, சிரிக்கிறது, பொண்ணுகிட்ட பேசுறது, எல்லாம். இன்னிக்கே ஆரம்பிங்க. இன்னிக்கே."

இன்னிக்கே என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று என் காதில் விழுந்தது அது இல்லை. கம்ப்யூட்டர் என்ற ஒரு சொல்தான் விழுந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பயம் வந்தால் மற்றவர்கள் அழுவார்கள், சாமி கும்பிடுவார்கள், குடிப்பார்கள். நான் ஸ்குரூ டிரைவரை எடுப்பேன். என் அப்பா இறந்த அன்று நான் மொட்டை மாடியில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பரப்பியிருந்தேன். அந்த மோட்டாரில் எந்தக் கோளாறும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

"யோவ், இன்னாயா கம்முனு வர்ற?"

"யோசன பண்ணிகினுகீறேன்."

"இன்னா யோசன?"

"கிராஃபிக்ஸ் கார்டு எட்டு ஜிபி போதுமா, பன்னெண்டு வேணுமான்னு."

"கழுத்து எனக்கு, கார்டு உனக்கா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் மேல்பாதி காற்றாகப் போனது. பிறகு என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் இன்னொரு கையால் போனில் விலை பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக் கம்ப்யூட்டர் நானே பாகம் பாகமாக வாங்கி மாட்டியது. எங்கள் பக்கத்தில் அந்தப் பெட்டியைத்தான் எல்லோரும் சிபியூ என்பார்கள். அது தப்பு என்று தெரிந்தும் நானும் அப்படித்தான் சொல்வேன். லேஅவுட் வரைய அது போதும். குரல் கற்க வேண்டுமென்றால் அதில் தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், மெமரி வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். பணம் கட்டினால் ஆன்லைனிலேயே செய்து தருகிற இடங்கள் உண்டு. ஆனால் அவள் குரலை ஊர் பேர் தெரியாத எவனுடைய மெஷினிலோ விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. அது வீட்டில், என் மெஷினில், என் கண் முன்னால் இருக்க வேண்டும்.

ஆனால் முதலில் எனக்கு வந்தது வேறு ஒரு யோசனை. பிரமாதமான யோசனை. எங்கள் ஆபீஸில் போன் பேச்சு எல்லாம் பதிவாகும். ஆறு வருஷம் அவள் பேசியிருக்கிறாள். ஆறு வருஷக் குரல்! ஓடினேன். பதிவு மெஷின் மேஜைக்கு அடியில், பழைய நோட்டீஸ் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. திறந்து பார்த்தால் முப்பது நாள் பேச்சுதான் இருந்தது. அவளுக்குப் பிறகு வந்த பெண்ணின் குரல்.

முப்பது நாளுக்கு மேல் போனால் பழையதன் மேல் புதியது எழுதிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டைச் செய்தது யார் தெரியுமா? ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒருவன் இருப்பானே, அவன். அன்று முதலாளி, "பெரிய டிஸ்க்கா போட்டுடலாமாய்யா?" என்று கேட்டார். "எதுக்கு சார் தண்டம்? இந்தப் பேச்ச எவன் கேக்கப்போறான்?" என்று நான்தான் சொன்னேன். அவளும் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். "நாங்க பேசுறது அவ்ளோ மட்டமாப் பூட்ச்சா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டில் தேடினேன். கல்யாண வீடியோவில் அவள் தலை குனிந்து நிற்கிறாள். மேலே முழுக்க நாதஸ்வரமும் பாட்டும். மகளின் பிறந்தநாள் வீடியோக்களை எல்லாம் எடுத்தவள் அவள். அதில் "தள்ளி நில்லு", "இங்க பாரு" என்று இரண்டு இடத்தில் கேட்கிறது, மிக்ஸி ஓடுகிற சத்தத்தோடு. வாட்ஸப்பில் குரல் அனுப்புவது அவளுக்குப் பிடிக்காது. "போன் போட்டாப் பேசப்போறேன், அதுக்கு எதுக்குயா கேசட்டு?" என்பாள்.

இதற்குள் நான்கு நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள் காலையில் எனக்கு இரண்டாவது பிரமாதமான யோசனை வந்தது. போனில் நாளுக்கு இவ்வளவு சார்ஜ்தான் இருக்கும் என்று தெரிந்தால் என்ன செய்வோம்? வேண்டாததை அணைத்து வைப்போம். அவள் குரல் காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்து, பேசப் பேசக் கரகரத்து, சாயங்காலம் காற்றாகிவிடுகிறது. அப்படியென்றால் பேச்சைச் சேமித்து வைத்தால்?

டாக்டர் கத்தாதீங்க என்றார். நான் பேசாதே என்றேன்.

"மெஷின் ரெடியாவ நாலு நாளு. அதுவரைக்கும் வாயத் தொறக்காத. கொரலு நல்லா தேறிக்கும். அப்பால மொத்தமா ஒக்காந்து பேசு, சுத்தமா புடிச்சிடலாம்."

"நாலு நாளா? என்னையா? உயிரோட எரிச்சிடேன்."

"வெளயாடாத. பாப்பாவுக்கு நல்லா கேக்க வேணாமா?"

மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். என்ன பேசுவார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் தலை தெரிந்தால் நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். மகள் பெயரைச் சொன்னதும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. மளிகைச் சாமான் எழுதுகிற நோட்டை எடுத்து முதல் பக்கத்தில், "சரி. சீக்கிரம் முடி" என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அம்மா எங்கப்பா?"

"அம்மா கொரல சேத்து வெச்சினுகீது. மெஷின் ரெடியானதும் பேசும்."

"அப்பா, ரெண்டு வார்த்த பேசச் சொல்லுப்பா."

"ரெண்டு வார்த்தையில ஆரம்பிச்சு நீங்க நிறுத்துவீங்களா? எனக்குத் தெரியாதா?"

இதைச் சொல்லும்போது நான் சிரித்தேன். அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் என்று நான் சொன்னதில் உண்மையிருந்தது. எல்லாம் சரியாக நடந்தால் நாலு நாள்தான். புதுக் கார்டு என் கைக்கு எட்டாத விலை. ஊரப்பாக்கத்தில் ஒருவர் பழையது விற்கிறார் என்று பார்த்துப் போனேன். மகன் பரீட்சையில் கோட்டை விட்டதற்குத் தண்டனையாக, அவன் கேம் ஆடுகிற கார்டைப் பிடுங்கி விற்கிற தகப்பன். "இதுதான் சார் எங்க வூட்டு சனி. எட்துனு போயிடுங்க" என்று துண்டில் சுற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு ஜிபி. மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் பெட்டியைவிட நீளம். உள்ளே ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற தகரக் கூண்டு வழியில் நிற்கிறது. நாலு விரல் இடம் போதவில்லை. வாங்குவதற்கு முன்னால் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதுவும் நான் யார்? ஊரார் மனையை எல்லாம் அங்குலம் அங்குலமாக அளக்கிறவன். படகு ரிப்பேர் செய்கிறவரிடம் ரம்பம் வாங்கிவந்து கூண்டை அறுத்தேன். ஒரு நாள். கார்டை மாட்டினேன். ஓடியது. வேலை கொடுத்ததும் பொட்டென்று அணைந்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்கவில்லை, கரண்டை எல்லாப் பாகத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற பெட்டி அது.

புதியது வாங்க வேண்டும். அறுநூற்றைம்பது வாட்டா, எழுநூற்றைம்பதா? இந்த ஒரு கேள்வியில் இரண்டு நாள் போனது. உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். எல்லாச் சண்டையையும் படித்தேன். அவள் எனக்குப் பின்னால் வந்து நிற்பாள். டீயை வைத்துவிட்டு நோட்டில், "எது வாங்கினாலும் அது பேசுமா?" என்று எழுதிக் காட்டுவாள். நான் திரும்பாமலே, "பேசும், பேசும், நீ பேசாத" என்பேன்.

எழுநூற்றைம்பது வாங்கினேன். அடுத்து ராம், அதாவது மெமரி. ஏற்கெனவே இருந்ததோடு புதிதாக இரண்டு சேர்த்து மாட்டினால் மெஷின் திரையே காட்டாமல் பீப் பீப் என்று ஒப்பாரி வைத்தது. கடல் காற்று ஊரில் இது ஒரு தலைவேதனை. மெமரியின் பொன்னிறப் பல்லில் எல்லாம் உப்புப் பூத்துவிடும். கழற்றி, மகளின் பழைய பென்சில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து மாட்டினேன். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் டாக்டர்களின் முதலுதவி அதுதான். பிறகு ஒருவழியாக ஓடியது. ஆனால் மின்விசிறிகள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் மைக் வைக்க முடியாது.

மைக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க மட்டும் அவளைப் பேச அனுமதித்தேன். ஆமாம், அனுமதித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம். மொத்தம் நான்கு முறை.

முதல் முறை, "ஹலோ. இன்னாத்த சொல்றது? இன்னாயா இது, மீன் புடிக்கிற போட்டு இன்ஜின் மாதிரி கத்துது? இதுல நான் பேசினா எனுக்கே கேக்காது" என்றாள். இரண்டாம் முறை, அறுத்த கூண்டின் விளிம்பு என் விரலைக் கிழித்திருந்ததைப் பார்த்து, "வெரல வெட்டினு நிக்கிற, கட்டாச்சும் போட்டியா? அந்தத் தகரத்த உடு. உடுன்றேன்ல" என்றாள். மூன்றாம் முறை நான் காலை நாஸ்தா சாப்பிடாததற்குத் திட்டினாள். நான்காம் முறை கோபம் உண்மையாகவே வந்துவிட்டது. "யோவ், நாலு நாளுன்ன. இன்னியோட எட்டு நாளாவுது. நான் எத்தினி பேசணும்னு நெனச்சினுகீறேன் தெரியுமா ஒனக்கு? பாப்பா கூட ஒரு வார்த்த பேசல. போதும்யா, போன எடு, நான் பேசிக்கிறேன்."

நான் பதிவை நிறுத்தினேன். "நாளைக்கு, சத்தம் போடாத ஃபேன் வந்துடும். நாளைக்கு ஒரே ஒரு நாளு. இவ்ளோ கஷ்டப்பட்டு சேத்து வெச்சிட்டு இப்பப் போயி வீணாக்குவியா?" என்றேன்.

அவள் உதட்டை அழுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

பேசாதே என்று நான் சொன்னதிலிருந்து ஒன்பதாம் நாள் மின்விசிறிகள் வந்தன. மூன்று. மாட்டி மூடினேன். பெட்டி ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு அமைதி. நான் என் ஜன்மத்தில் செய்த உருப்படியான மெஷின் அதுதான். மைக்கைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு, ஜன்னலில் மெத்தை சாத்தி, மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதிவு என்று முடிவு செய்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு பட்டியலும் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்றாவதாக நான் எழுதியிருந்த "மகிழ்ச்சியான நிகழ்ச்சி ஒன்று" என்பதற்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டாள்.

விடிந்து சேவல் கூவுகிற நேரத்தில் அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மூச்சு உள்ளே போகவில்லை. இழுக்கிறாள், விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது, காற்று போகவில்லை. கட்டி பெருத்து வழியை அடைத்திருந்தது. ஆம்புலன்ஸ் திருப்போரூர் தாண்டிச் செங்கல்பட்டு போகும்வரை அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பேசாத, பேசாத" என்றுதான் அப்போதும் சொன்னேன். பழக்கம்.

போன உடனே கழுத்தில் துளை போட்டார்கள். மூச்சு வந்தது. காற்று குரல்வளைக்குப் போகாததால் குரல் நின்றது. இனிக் காத்திருக்கக் கூடாது என்று பெரிய ஆபரேஷனையும் முன்னால் இழுத்து அடுத்த நாளே செய்துவிட்டார்கள். கட்டி முழுவதும் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து அழுதேன். அவர் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷமும்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்து, "எவ்வளவு நேரம் பதிவு பண்ணினீங்க சார்?" என்று கேட்டார்.

"நாலு நிமிஷம்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "பரவாயில்ல சார், அதுலயும் செய்யலாம்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மகள் லீவு போட்டு வந்து ஒரு மாதம் அம்மாவோடு இருந்தாள். என்னிடம் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு நாள், ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது, தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ஒம்போது நாளுப்பா" என்றாள். அவ்வளவுதான். நான் டீக்குக் காசு கொடுக்க எழுந்து போனேன்.

அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் வீட்டில் மெஷினோடு உட்கார்ந்தேன். நாலு நிமிடத்தைக் கொடுத்துக் கற்க வைத்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. சூடு ஏறவில்லை, அணையவில்லை, பீப் அடிக்கவில்லை. இரண்டே மதியத்தில் முடித்துக் கொடுத்துவிட்டது.

அவள் வீட்டுக்கு வந்து, மகள் கோயம்புத்தூர் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைக் காட்டினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்தில் துளைக்கு மேல் வெள்ளைத் துணி. மூச்சுக்கு மூச்சு அது லேசாக எழும்பி அடங்கும். மகளுக்குப் போன் போட்டு மேஜையில் வைத்தேன். "இதுல எழுது. நீ பேசுற மாதிரியே வரும்" என்றேன். அவள் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள். பாப்பா, சாப்ட்டியா.

பெட்டி பேசியது. அவள் குரல்தான். அந்தக் கரகரப்பு, அந்த இழுப்பு. ஆனால் அதட்டல். மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு நிமிடத் திட்டு. சாப்பிட்டாயா என்பதைச் சாப்பிட்டுத் தொலைத்தாயா என்கிற மாதிரி கேட்டது. பின்னால் அந்தப் பழைய மின்விசிறிச் சத்தம், அவள் சொன்ன போட்டு இன்ஜின், ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் அவள் குரலில் ஒரு பாகம் என்று நினைத்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

போனில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இவள் இன்னொன்று தட்டினாள். நான் நல்லா கீறேன், அழுவாத. பெட்டி அதையும் கோபமாகச் சொன்னது. அழுதால் அடிப்பேன் என்கிற மாதிரி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் நன்றாகத் திறந்தது. சத்தம் இல்லை. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்தது. அவள் சிரிப்பையும் நான் பதிவு செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதுக்கு இன்னும் நல்ல கார்டு போட்டா, இருவத்துநாலு ஜிபி, கோவத்த எல்லாம் கொறச்சி…" என்று ஆரம்பித்தேன்.

"அப்பா" என்றாள் மகள் போனிலிருந்து. "அத நிறுத்துப்பா. போன அம்மா கிட்ட வையி. கழுத்து கிட்ட."

வைத்தேன். மூச்சு போய் வருகிற சத்தம். ஈரமாக, கொஞ்சம் சீழ்க்கையோடு. மகள் அதைக் கேட்டுக்கொண்டு அன்றைக்கு என்னென்ன நடந்ததோ எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஸ்டல் சாம்பார், யாரோ ஒருத்தியின் நிச்சயதார்த்தம், தொலைந்த குடை. சிரிக்க வேண்டிய இடம் வந்தால் இவள் போனின் மேல் விரலால் தட்டுவாள். நான் எழுந்து வெளியே வந்து நின்றேன். அவர்கள் பேசும்போது நான் அங்கே இருந்து பழக்கமில்லை.

இப்போதும் தினமும் அப்படித்தான். மெஷினில் நான் லேஅவுட் வரைகிறேன். இவ்வளவு வேகமான மெஷினில் மனைப் பிரிவு வரைகிறவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்களைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாகக் கேட்கத் தைரியம் வராததை அப்போது கேட்டுவிட்டேன்.

"அந்த ஒம்போது நாளு நான் கம்முனு இருன்னு சொல்லாம இருந்திருந்தா, இன்னா பேசியிருப்ப?"

கையில் இருந்த கீரையை முறத்தில் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்து மெதுவாகத் தட்டி என்னிடம் நீட்டினாள்.

ஒண்ணும் இல்லய்யா. சும்மா பேசினு இருந்திருப்பேன்.

படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் மீதிக் கீரையை என் பக்கம் தள்ளினாள்.